வயசான ஆஸ்கார் மீனோட வீடு மாறணும், செல்லூர்ல இருந்து திருநகர், எப்படி கொண்டு போறது?

செல்லூர்_கவிதா:

எல்லாருக்கும் வணக்கம். மதுரை செல்லூர்ல எங்க வீட்டுல ஒரு டைகர் ஆஸ்கார் இருக்கு, வயசு பன்னெண்டு பதிமூணு இருக்கும். தம்பி காலேஜ் படிக்கும்போது ரெண்டு இஞ்ச் குட்டியா வாங்கிட்டு வந்தான், இப்ப அவன் ஓசூருக்கு வேலைக்கு போயிட்டான், மீனை அம்மாவும் நானும்தான் பாத்துக்கிறோம். ஒரு அடிக்கு கொஞ்சம் கம்மியா இருக்கும் நீளம். டேங்க் நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். மேல ஒரு டாப் பில்டர், உள்ள ஒரு பெரிய ஸ்பாஞ்ச் பில்டர், அடியில கொஞ்சம் ஆத்து மணல், ரெண்டு உருண்டைக் கல்லு, அவ்வளவுதான். வாரத்துக்கு ஒரு தடவை நாலுல ஒரு பங்கு தண்ணி மாத்துவோம், கார்ப்பரேஷன் தண்ணிய முதல் நாளே டிரம்ல பிடிச்சு வச்சு ஊத்துறது.

இப்ப விஷயம் என்னன்னா வீட்டுக்காரங்க வீட்ட இடிச்சு கட்டப் போறாங்க, நாங்க திருநகர் பக்கம் ஒரு மாடி வீடு பாத்திருக்கோம், அங்க போர் தண்ணிதான், வாயில வச்சா உப்பு கரிக்குது. மீன் வாங்குன கடையில கேட்டா வயசான மீனு, எடுத்து விட்டா தாங்காது, வேற குட்டி வாங்கிக்கோங்கன்னு சொல்லிட்டாங்க. அம்மாவுக்கு அதக் கேட்டதுல இருந்து சோறு இறங்கல. அது எங்க அம்மா வளையல் சத்தம் கேட்டாலே டேங்கோட இந்த மூலைக்கு வந்து நிக்கும், நான் போனா வராது, அம்மா போனாத்தான். கொஞ்ச நாளா வலது கண்ணு பால் படிஞ்ச மாதிரி இருக்கு, அந்தப் பக்கம் விழுற தீனிய எட்டி எட்டி பிடிக்கப் பாக்கும், தவற விட்டுட்டு திரும்பி வந்து இடது பக்கமா எடுத்துக்கும். மத்தபடி நல்லா சாப்பிடுது, வயித்துல வீக்கம் இல்ல, செதில் தூக்கல.

கேள்வி மூணு. உயிரோட கொண்டு போக முடியுமா, முடியும்னா எப்படி? அந்த உப்புத் தண்ணி ஒத்துக்குமா? கண்ணுக்கு மருந்து போடணுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க, நாள் கொஞ்சம்தான் இருக்கு.


தெப்பக்குளம்_பெருமாள்:

கவிதாம்மா, முதல்ல அம்மாகிட்ட சொல்லுங்க, தாராளமா கொண்டு போகலாம். ஆஸ்கார் நல்லா வச்சுக்கிட்டா பத்துல இருந்து பதினஞ்சு வருஷம் வரைக்கும் சாதாரணமா இருக்கும், அதுக்கு மேல போனதும் உண்டு, அதனால உங்க மீனு வயசானதுதான் ஆனா முடிஞ்சு போன மீனு இல்ல. நல்லா சாப்பிடுதுன்னு சொல்றீங்க பாருங்க, அதவிட வேற நல்ல செய்தி வேணாம்.

வயசான மீனுக்கு ஆபத்து பயணத்துல இல்ல, போய் சேர்ந்த பிறகு வர்ற முதல் ரெண்டு மூணு வாரத்துலதான் இருக்கு. ஏன்னு சொல்றேன். மீன் செவுள் வழியாவும் கழிவு வழியாவும் அம்மோனியாவ வெளிய விட்டுக்கிட்டே இருக்கும், மிச்ச தீனி அழுகினாலும் அதேதான். உங்க பில்டர்ல உள்ள ஸ்பாஞ்சுலயும் கல்லுலயும் மணல்லயும் ஒட்டிக்கிட்டு ஒரு பாக்டீரியா கூட்டம் இருக்கு, அது அம்மோனியாவ நைட்ரைட்டா மாத்தும், இன்னொரு கூட்டம் அந்த நைட்ரைட்ட நைட்ரேட்டா மாத்தும். முதல் ரெண்டும் விஷம், மூணாவது கொஞ்சம் சேர்ந்தா பரவால்ல, அதத்தான் நீங்க வாரா வாரம் தண்ணி மாத்தி வெளிய எடுக்குறீங்க. நம்மாளுக வீடு மாறும்போது என்ன செய்வாங்க, டேங்க காலி பண்ணி, சோப்பு போடாட்டியும் பளபளன்னு கழுவி, ஸ்பாஞ்ச பைப்புத் தண்ணில பிழிஞ்சு வெயில்ல காயப் போட்டு, புது வீட்டுல புதுத் தண்ணி ஊத்தி மீன விட்ருவாங்க. தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும், உள்ள பாக்டீரியா ஒண்ணும் இருக்காது, நாலாம் நாள் மீன் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடும். பயணத்துல அடிபட்டு செத்துப்போச்சும்பாங்க. பயணத்துல சாகல, அம்மோனியாவுல செத்துச்சு.

அதனால நீங்க கொண்டு போறது மீன மட்டும் இல்ல, அந்த பில்டரையும் உயிரோட கொண்டு போகணும். கிளம்புற அன்னைக்கு பில்டர்ல இருக்குற ஸ்பாஞ்சு, பஞ்சு, ரிங்கு எல்லாத்தையும் அதே டேங்க் தண்ணில ஒரு வாளில முங்க வச்சுக்கோங்க, மூடிய இறுக்கி போடாதீங்க, அந்த பாக்டீரியாவுக்கும் ஆக்சிஜன் வேணும், மணிக்கணக்கா அடைச்சு வச்சா அழுகி நாறிப் போகும். போனதும் முதல் வேலையா டேங்க வச்சு பில்டர ஓட விடுங்க, கட்டில் பீரோ எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.

மீனுக்கு ரெண்டு நாள் முன்னாடி தீனிய நிறுத்திருங்க. பாவம்னு பாக்காதீங்க, அந்த சைஸு மீனு ஒரு வாரம் சாப்பிடாட்டியும் ஒண்ணும் ஆகாது, ஆனா வயிறு நிறைய தின்னுட்டு டப்பாக்குள்ள போனா அந்தத் தண்ணிய அதுவே கெடுத்துக்கும். பைல போடுறதவிட மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் டிரம்மோ தெர்மாகோல் பெட்டியோ நல்லது, ஒரு அடி மீனுக்கு பை பத்தாது, முதுகு முள்ளு பைய கிழிச்சிரும். பாதிக்கு டேங்க் தண்ணி, மூடில ரெண்டு ஓட்டை, உள்ள பேட்டரி ஏர் பம்ப். இருட்டா இருந்தா அது அடங்கி ஒரு இடத்துல கிடக்கும்.

டேங்க தண்ணியோடவோ மணலோடவோ தூக்கவே கூடாது. உங்க அளவுக்கு ஒன்பது கன அடி, கிட்டத்தட்ட 255 லிட்டர், கால் டன் எடை. கொஞ்சம் தண்ணி மட்டும் விட்டுட்டு நாலு பேரா தூக்கிரலாம்னு ஆளுக சொல்லுவாங்க, விடாதீங்க, அடிக் கண்ணாடி வளைஞ்சா சிலிக்கான் ஒட்டு விட்டுரும், அன்னைக்கே ஒழுகாது, பத்து நாள் கழிச்சு ராத்திரில ஒழுகும். மணல கடைசியா மீன வெளிய எடுத்த பிறகுதான் கிளறணும், அடியில தேங்கின அழுக்கு கிளம்பினா மீனுக்கு நல்லதில்ல. மாடி வீடுன்னா ஸ்டாண்ட சுவர ஒட்டி வைங்க, நடு ஹால்ல வேணாம், ரசமட்டம் வச்சுப் பாத்துட்டு அடியில ஒரு தெர்மாகோல் சீட்டு போடுங்க.

தண்ணி விஷயத்துக்கு ஒரு டி.டி.எஸ். மீட்டர் வேணும், தண்ணில எவ்வளவு உப்பு கரைஞ்சிருக்குன்னு காட்டுறது, விலை கம்மிதான், ஆர்.ஓ. மாட்டுற ஆளுககிட்ட கேட்டாலே ரெண்டு வீட்டுத் தண்ணியும் பாத்து சொல்லிருவாங்க. அந்த நம்பர் தெரிஞ்சாத்தான் அடுத்தது சொல்ல முடியும்.


மேலூர்_சரவணன்:

அக்கா தப்பா எடுத்துக்காதீங்க. இம்புட்டு கஷ்டப்பட்டு டிரம்முல வச்சு கொண்டு போறதுக்கு ஏதாவது ஒரு கண்மாய்லயோ கோயில் தெப்பக்குளத்துலயோ விட்டுட்டா அதுவும் கடைசி காலத்துல சுதந்திரமா இருக்கும்ல. எங்க ஊர் கண்மாய்ல இப்பவும் தண்ணி கிடக்கு.


ஆனையூர்_மணி:

சரவணா, நல்ல மனசுலதான் சொல்ற, ஆனா அது மட்டும் செஞ்சிரக் கூடாது. ஆஸ்கார் தென் அமெரிக்கா மீனு, அமேசான் பக்கம். நம்ம ஊரு தண்ணி சூடு அதுக்கு ஒத்துக்கிற சூடுதான், அதுதான் பிரச்சனையே. சின்ன மீன் எல்லாத்தையும் திங்கிற ஜாதி. ஏற்கனவே ஜிலேபிக் கெண்டை என்ன பண்ணிச்சுன்னு மேலூர்க்காரனுக்கு நான் சொல்லணுமா, 1952-ல வெளிநாட்டுல இருந்து இந்தியாவுக்கு கொண்டு வந்த மீனு அது, இன்னைக்கு நம்ம கண்மாய்ல வலை போட்டா பாதிக்கு மேல அதுதான் ஏறுது, அயிரையும் குறவையும் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கு. ஆஸ்காரும் ஜிலேபியும் ஒரே குடும்பம்தான், முட்டைக்கும் குஞ்சுக்கும் காவல் இருக்குற குணம் ரெண்டுக்கும் உண்டு, அதான் பெருகுற இடத்துல அப்படி பெருகுது. தொட்டிய நக்குற சக்கர் மீனும் இப்படி யாரோ பாவம் பாத்து விட்டதுதான், தமிழ்நாட்டு ஏரிலயும் கேரளா ஆத்துலயும் வலைல ஏறி வலையவே கிழிக்குது.

இன்னொன்னு, ஒரு கண்ணு தெரியாத, பன்னெண்டு வருஷமா கைல தீனி வாங்கித் தின்ன மீனு கண்மாய்ல என்னத்த வேட்டையாடும். விட்ட அன்னைக்கே நாரை தூக்கிட்டு போகும், இல்லாட்டி பட்டினி கிடந்து சாகும். சுதந்திரம்னு நாமதான் பேர் வச்சுக்கிறோம். கவிதா, உங்களால முடியவே இல்லைன்னா இங்கயே சொல்லுங்க, பெரிய டேங்க் வச்சிருக்குற யாராவது வாங்கி பாத்துக்குவாங்க. ஆனா முடியும், கொண்டு போங்க.


மேலூர்_சரவணன்:

புரியுதுண்ணே. அயிரை கிடைக்காதது உண்மைதான், அப்பத்தா சொல்லிக்கிட்டே இருக்கும். இத அப்படி யோசிக்கல.


கோல்டுபிஷ்_ராணி:

கவிதா, கண்ணு விஷயம் நான் சொல்றேன். ஒரு கண்ணு மட்டும் மங்கலா இருந்தா பெரும்பாலும் எதுலயாவது இடிச்ச காயம், இல்ல வயசுக்கு வர்ற புரை. தண்ணி கெட்டா ரெண்டு கண்ணும்தான் மங்கும், அதோட செவுள் படபடன்னு அடிக்கும், துடுப்ப மடக்கி வச்சுக்கும். டார்ச்ச பக்கவாட்டுல அடிச்சு கிட்டப் போய் பாருங்க, கண்ணு மேல ஒரு படலம் மாதிரி மூடியிருக்கா, இல்ல மேல தெளிவா இருந்து உள்ள பாப்பா மட்டும் வெள்ளையா இருக்கா. மேல படலம்னா காயம், தண்ணி சுத்தமா இருந்தா அதுவா சரியாயிரும், தேவைப்பட்டா லிட்டருக்கு ஒரு கிராம் கணக்குல கல்லு உப்பு கரைச்சு பைய பைய ஊத்தலாம், அயோடின் போட்ட தூள் உப்பு வேணாம். உள்ள வெள்ளைன்னா புரை, அதுக்கு மருந்தே கிடையாது, வலியும் இருக்காது. தீனிய இடது பக்கமா, தினமும் ஒரே இடத்துல போடுங்க, அது போதும். கடைல நீலம் மஞ்சள்னு பாட்டில் பாட்டிலா குடுப்பாங்க, எதுக்குன்னு தெரியாம ஊத்தாதீங்க, சில மருந்து பில்டர்ல இருக்குற பாக்டீரியாவ சேத்துக் கொன்னுரும், வீடு மாறுற நேரத்துல அது தாங்காது.

வயசான மீனுன்னு கடைல சொன்னாங்களே, அது மனசுக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு படிக்க. மீனுக்கு ஆயுசு கம்மின்னு நம்ம ஊர்ல ஒரு நெனப்பு, அதுக்கு காரணம் மீனு இல்ல, கண்ணாடிக் கிண்ணம். கோல்டுபிஷ்ஷ கிண்ணத்துல போட்டு ஆறு மாசத்துல சாக விட்டுட்டு அதுக்கு ஆயுசு அவ்வளவுதான்னு சொல்லிக்கிறாங்க. இங்கிலாந்துல டிஷ்னு ஒரு கோல்டுபிஷ், 1956-ல திருவிழாக் கடைல பரிசா ஜெயிச்சது, 1999 வரைக்கும், 43 வருஷம் இருந்துச்சு, கின்னஸ்ல வந்திருக்கு. அதவிட பெரிய கதை சான் பிரான்சிஸ்கோல இருக்கு, ஸ்டைன்ஹார்ட் மீன் காட்சியகத்துல மெதுசேலான்னு ஒரு ஆஸ்திரேலிய நுரையீரல் மீன், 1938-ல கப்பல்ல வந்து இறங்கினது. 2023-ல அதோட துடுப்புல இருந்து துளி எடுத்து டி.என்.ஏ. வச்சு வயசு பாத்தாங்க, 92 பக்கம்னு வந்துச்சு, நூறத் தாண்டியும் இருக்கலாம்னு சொன்னாங்க. சாதாரணமா மீனுக்கு வயசு பாக்கணும்னா காதுக்குள்ள இருக்குற கல்லுல வளையத்த எண்ணணும், அதுக்கு மீனு செத்திருக்கணும், அதனாலதான் இந்த வழி. இத நான் சொல்றது எதுக்குன்னா, அந்த மீனு கப்பல்ல கடல் தாண்டி வந்து அதுக்கப்புறம் இத்தனை வருஷம் இருந்திருக்கு, செல்லூர்ல இருந்து திருநகர் பத்து கிலோமீட்டர்.

தீனிலயும் ஒரு வார்த்தை. வயசானப்ப குறைச்சு குடுங்க, ஒரு நாளைக்கு ஒரு வேளை, வாரத்துல ஒரு நாள் ஒண்ணும் வேணாம். பெல்லட்தான் முக்கியம், நடுநடுவுல தோல் உரிச்ச இறால் துண்டு, நல்ல மண்புழு. கோழி ஈரல், ஆட்டு ஈரல் வேணவே வேணாம், அந்தக் கொழுப்பு மீனுக்கு செரிக்காது, உள்ளயே ஈரலச் சுத்தி படிஞ்சிரும். ஆஸ்கார்க்கு சின்ன கோல்டுபிஷ்ஷ உயிரோட போடுற பழக்கம் இருந்தா அதையும் விட்ருங்க, அதுல பி1 வைட்டமின அழிக்கிற ஒண்ணு இருக்கு, நோயும் கூடவே வரும்.


வில்லாபுரம்_பாண்டி:

பெருமாள் அண்ணே சொன்னது எல்லாம் சரி, ஆனா பழைய தண்ணிய டிரம் டிரம்மா தூக்கிட்டு போறது வீண் வேலை. பாக்டீரியா தண்ணில இல்ல, பில்டர்லதான் இருக்கு. அந்தத் தண்ணில இருக்குறது அழுக்கும் நைட்ரேட்டும்தான். புதுத் தண்ணிய ஊத்தி ஆன்டி குளோரின் விட்டு, கடைல விக்கிற பாக்டீரியா பாட்டில் ஒண்ணு ஊத்தினா முடிஞ்சு போச்சு.


செல்லூர்_கவிதா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, அம்மாவ பக்கத்துல உக்கார வச்சு ஒவ்வொண்ணா படிச்சுக் காட்டினேன். கப்பல்ல வந்த மீன் கதைய ரெண்டு தடவை படிக்கச் சொன்னாங்க.

ராணி அக்கா, டார்ச் அடிச்சுப் பாத்தோம், மேல தெளிவாத்தான் இருக்கு, உள்ள பாப்பாதான் வெள்ளை. அப்ப புரைதான் போல. மருந்து ஒண்ணும் ஊத்தல.

பெருமாள் அண்ணே, தண்ணி பாத்துட்டோம். இங்க டேங்க் தண்ணி 420, கார்ப்பரேஷன் தண்ணி 310. திருநகர் வீட்டு போர் தண்ணி 1650. பி.எச்., அதாவது தண்ணி அமிலமா காரமான்னு காட்டுற அளவு, டேங்க்ல ஏழுக்கு கொஞ்சம் மேல, அங்க எட்டரைன்னு காட்டுது. புது வீட்டுல நல்ல தண்ணி பைப்பு தெருவுல வருது, ஆனா தினமும் இல்ல, ரெண்டு மூணு குடம்தான் தேறும்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க. பாண்டி அண்ணன் சொல்ற மாதிரி பழைய தண்ணி வேணாமா? வண்டிக்காரர் வேற தண்ணி ஏத்துனா தனி வாடகைங்கிறார்.


தெப்பக்குளம்_பெருமாள்:

பாண்டி சொல்றதுல பாதி சரி. பாக்டீரியாவுக்காக பழைய தண்ணி வேணாம், அது பில்டர்லதான் இருக்கு. மீனுக்காக வேணும். 420-ல இருந்து 1650-க்கு ஒரே நாள்ல போறதுன்னா கவிதாம்மா, அது உடம்புக்குள்ள இருக்குற உப்பு வெளிய இருக்குற உப்பு ரெண்டுக்கும் நடுவுல செவுளும் சிறுநீரகமும் செய்யிற வேலைய ராத்திரியோட ராத்திரியா மாத்தச் சொல்ற மாதிரி. குட்டி மீனு கூட திணறும். வயசான மீனு ரெண்டு நாள் நல்லா இருக்குற மாதிரி இருந்து மூணாம் நாள் ஓரமா சாய்ஞ்சிரும். அதே மீனுக்கு ரெண்டு மாசம் குடுத்து மாத்துனா 1000 ஆனாலும் 1200 ஆனாலும் பழகிக்கும், ஆஸ்கார் கெட்டியான தண்ணிலயும் வாழுற மீனுதான். எந்த நம்பர்ங்கிறது பெருசு இல்ல, எவ்வளவு வேகமா மாறுதுங்கிறதுதான்.

பி.எச். எட்டரைங்கிறது எனக்கு டி.டி.எஸ்ஸவிட பயமா இருக்கு. அம்மோனியா தண்ணில ரெண்டு வடிவத்துல இருக்கும், ஒண்ணு விஷம், ஒண்ணு அவ்வளவா விஷம் இல்ல. பி.எச். 7-ல மொத்தத்துல ஒரு சதவீதம் கூட விஷ வடிவத்துல இருக்காது, 8 ஆனா கிட்டத்தட்ட பத்து மடங்கு ஏறும், 8.5-ல நம்ம ஊரு முப்பது டிகிரி சூட்டுல அஞ்சுல ஒரு பங்கு விஷமாயிரும். அதே பில்டர், அதே தீனி, அதே மீனு, செல்லூர்ல ஒண்ணும் பண்ணாத அம்மோனியா திருநகர்ல கொல்லும். பாட்டில் பாக்டீரியாவ நம்பி இந்த இடத்துல விளையாட முடியாது பாண்டி, சிலது வேலை செய்யும், சிலது கடை அலமாரில வெயில்ல இருந்து செத்துப்போய்க் கிடக்கும், வெளிய இருந்து பாத்தா தெரியாது.

அதனால இப்படி செய்யுங்க. இருபது லிட்டர் தண்ணி கேன் எட்டு வாங்குங்க, காலி கேன் வாடகைக்கே குடுப்பாங்க, டேங்க்ல மேல் தண்ணிய மட்டும் டியூப் போட்டு தெளிவா இறக்குங்க, 160 லிட்டர் ஆச்சு. மீன் போற டிரம்ல ஒரு முப்பது நாப்பது. அதோட கார்ப்பரேஷன் தண்ணி ரெண்டு மூணு கேன் செல்லூர்லயே பிடிச்சுக்கோங்க. அது போதும், டேங்க் கொஞ்சம் குறைவா நிரம்பினா ஒண்ணும் குடி முழுகாது, முதல் நாள் போர் தண்ணி ஒரு சொட்டு வேணாம். கேன் எல்லாம் மீன் போற அதே வண்டில போகட்டும், அந்த வாடகைய யோசிக்காதீங்க.

போய் ஒரு வாரம் தீனிய பாதியாக்குங்க. அம்மோனியா, நைட்ரைட் பாக்குற சொட்டு மருந்து கிட் வாங்கி ரெண்டு நாளைக்கு ஒரு தடவை பாருங்க, ரெண்டும் பூஜ்யமா நிக்கணும். நின்னா ரெண்டாவது வாரத்துல இருந்து வாரத்துக்கு ரெண்டு தடவை இருபத்தஞ்சு லிட்டர் எடுத்துட்டு, அந்த அளவுக்கு போர் தண்ணியும் நல்ல தண்ணியும் பாதிப் பாதியா கலந்து ஊத்துங்க, ஏர் டியூப்ல ஒரு முடிச்சு போட்டு சொட்டு சொட்டா இறங்கட்டும், அரை நாள் ஆனாலும் ஆகட்டும். நல்ல தண்ணி கிடைக்காத வாரம் குடிக்கிற கேன் தண்ணிய கலந்துக்கலாம். அப்படியே போனா கடைசில ஆயிரம் பக்கத்துல போய் நிக்கும், அதுக்கப்புறம் எப்பவும் அதே கலவை. ஒரு வாரம் போர், ஒரு வாரம் கேன்னு மாத்தி மாத்தி ஊத்துறதுதான் இருக்குறதுலயே கெட்டது.

இன்னொன்னு, வெயில்ல தண்ணி வத்தும், வத்துன இடத்துக்கு போர் தண்ணிய ஊத்தி ஊத்தி நிரப்பாதீங்க. ஆவியாகிப் போறது வெறும் தண்ணி, உப்பு எல்லாம் உள்ளயே தங்கிரும், மேல மேல ஊத்துனா ஆறு மாசத்துல 2000-த்த தாண்டிரும். வத்துனதுக்கு கேன் தண்ணி ஊத்துங்க.


வில்லாபுரம்_பாண்டி:

பி.எச். எட்டரைன்னா நீங்க சொல்றதுதான் சரிண்ணே. அந்த நம்பர் தெரியாம சொன்னது.


ஆனையூர்_மணி:

தேதி என்னைக்குன்னு வச்சிருக்கீங்க கவிதா? சித்திரைத் திருவிழாவுக்கு முன்னாடியே போயிருங்க. அழகர் ஆத்துல இறங்குற நேரத்துல செல்லூர், கோரிப்பாளையம், ஆழ்வார்புரம் பக்கம் வண்டி நகராது, மீன டிரம்ல வச்சுக்கிட்டு வெயில்ல நிக்க முடியாது. வெள்ளன அஞ்சு மணிக்கு கிளம்புற மாதிரி வைங்க, ரோடும் காலியா இருக்கும், தண்ணியும் சூடாகாது. டிரம்ம வண்டில முன்னாடி நிழல்ல வச்சு மேல ஈரச் சாக்கு போடுங்க.

மாடி வீடுன்னு சொன்னீங்க, மொட்டை மாடிக்கு நேர் கீழயா? அப்படின்னா கத்திரி வெயில்ல ரூம் கொதிக்கும், டேங்க் தண்ணி 33, 34 வரைக்கும் போகும். சூடு ஏற ஏற தண்ணில ஆக்சிஜன் குறையும், 20 டிகிரில லிட்டருக்கு ஒன்பது மில்லிகிராம் நிக்கிறது 30-ல ஏழரைதான் நிக்கும், மீனுக்கு அந்த நேரத்துலதான் அதிகமா வேணும். டேங்க் மூடிய எடுத்துட்டு வலை போட்டு ஒரு டேபிள் பேன தண்ணி மேல அடிக்கிற மாதிரி வைங்க, ரெண்டு மூணு டிகிரி இறங்கும். ஆஸ்கார் தாவும், வலை இல்லாம மூடிய எடுக்காதீங்க. ஐஸ்கட்டி பாட்டில் போடாதீங்க, இறங்கி ஏறுறது சூட்டவிட மோசம். மாடித் தொட்டி தண்ணிய மத்தியானத்துல நேரா ஊத்தாதீங்க, கைய வச்சுப் பாருங்க, சுடும், காலைல பிடிச்சு ஆற வச்சுக்கோங்க.

கரண்ட் நிறுத்துற நாள் ஒண்ணு மாசத்துக்கு வரும்ல, காலைல ஒன்பதுக்கு போனா சாயங்காலம்தான். மூச்சுக்கு பேட்டரி ஏர் பம்ப் போதும், அத ஸ்பாஞ்ச் பில்டர்ல மாட்டுனா பாக்டீரியாவும் பிழைச்சுக்கும். டாப் பில்டர் நாள் முழுக்க நின்னு போச்சுன்னா கரண்ட் வந்ததும் அப்படியே ஓட விடாதீங்க, உள்ள தேங்குன தண்ணி கெட்டுப் போயிருக்கும், பஞ்ச டேங்க் தண்ணில ஒரு அலசு அலசிட்டு அப்புறம் ஆன் பண்ணுங்க. அன்னைக்கு தீனி வேணாம்.


கோல்டுபிஷ்ஷும்_நானும்:

நடுவுல வர்றேன், மன்னிக்கணும். பிடிக்கிறப்ப வலைல தூக்காதீங்க. பெரிய ஆஸ்கார் வலைல துள்ளுனா செதில் பேந்திரும், இருக்குற ஒரு கண்ணுலயும் பட்டுரும். தண்ணிய பாதிக்கு கீழ இறக்கிட்டு, அதுவே உள்ள வர்ற மாதிரி ஒரு பெரிய டப்பாவ சாய்ச்சு பிடிங்க, தண்ணியோட சேத்து எடுத்து டிரம்ல இறக்குங்க. லைட்ட அணைச்சிட்டு செஞ்சா அலையாது. தெரியாத கண்ணு பக்கமா டப்பாவக் கொண்டு போகாதீங்க, திடீர்னு தட்டுனா மிரளும், தெரியுற பக்கமா காட்டி மெதுவா.


செல்லூர்_கவிதா:

மணி அண்ணே, மொட்டை மாடிக்கு நேர் கீழதான். அம்மா படுக்குற ரூம்ல கிழக்கு சுவர் ஓரமா வைக்கலாம்னு இருக்கோம், அங்க மத்தியான வெயில் படல. தேதிய திருவிழாவுக்கு முந்துன ஞாயித்துக்கிழமைக்கு மாத்திட்டோம், தம்பியும் லீவு போட்டுட்டு வர்றான், வண்டிக்காரர் அஞ்சு மணிக்கு சரின்னுட்டார். கேன் எட்டுக்கு சொல்லி வச்சாச்சு. கிட் வாங்கிட்டேன், பேட்டரி பம்ப் வாங்கிட்டேன். டப்பாவ சாய்ச்சு பிடிக்கிறத அம்மாவே செய்யிறேன்னு சொல்றாங்க, அவங்க கைக்குத்தான் அது வரும்.

ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்த மணல கொண்டு போகணுமா, புதுசு போட்டுக்கலாமா? ரெண்டு சட்டி இருக்கும். மூடி போட்ட பெரிய டிரம் மட்டும்தான் இன்னும் கிடைக்கல, பெயிண்ட் டிரம் ஒண்ணு இருக்கு, கழுவிட்டு வச்சுக்கலாமா?


தெப்பக்குளம்_பெருமாள்:

பெயிண்ட் டிரம் வேணாம்மா, எத்தனை கழுவுனாலும் வாடை போகாது. என்கிட்ட மாவு வாங்குன எழுபது லிட்டர் நீல டிரம் மூடியோட சும்மா கிடக்கு, மீனுக்கு மட்டும்தான் வச்சிருக்கேன், தம்பிய அனுப்பி எடுத்துக்கச் சொல்லுங்க, தனி மெசேஜ்ல விலாசம் போடுறேன். மணல்ல பாதிய மட்டும் டேங்க் தண்ணில அலசி ஈரத்தோட கொண்டு போங்க, அதுலயும் பாக்டீரியா ஒட்டியிருக்கும். மிச்சத்த செடிக்கு போட்ருங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அம்மோனியா ரீடிங் என்னன்னு இங்க போடுங்க, நான் பாத்துக்கிட்டுதான் இருப்பேன், கால் பாயிண்ட் காட்டுனாலும் உடனே சொல்லுங்க.